எல்லாம் கீழே, அப்பவும் விழுந்தது

போன ஐப்பசியில் முதல் பெருமழை பிடித்த ராத்திரி, இரண்டே முக்கால் மணிக்கு ஃபேன் நின்றது. மயிலாடுதுறையில் மழை பெய்தால் கரண்ட் போவது வழக்கம்தானே என்று புரண்டு படுத்தேன். ஆனால் ஜன்னலில் தெருவிளக்கு வெளிச்சம் அப்படியே இருந்தது. மாடியில் குடியிருப்பவர்களின் ஏ.சி. ஓடும் சத்தமும் கேட்டது. நம் வீட்டில் மட்டும் போயிருக்கிறது. செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஹாலுக்குப் போய், அறை அறையாகக் கரண்ட் பிரியும் டி.பி. பாக்ஸைத் திறந்தேன். எம்.சி.பி.க்கள், அதாவது ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சின்னச் சுவிட்சுகள், எல்லாம் மேலே நின்றன. முதலில் இருக்கும் அகலமான ஆர்.சி.சி.பி. மட்டும் கீழே விழுந்திருந்தது. தூக்கினேன், நின்றது. மழைக்கு ஏதோ ஆகியிருக்கும் என்று போய்ப் படுத்துவிட்டேன்.

காலை ஆறரைக்கு மறுபடி விழுந்தது. அடுத்த 19 நாளில் மொத்தம் 23 தடவை. எண்ணிக்கை இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், மூன்றாவது தடவைக்குப் பிறகு மகளின் பழைய ரஃப் நோட்டு ஒன்றை எடுத்து, டி.பி. பாக்ஸுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டேன். யார் தூக்கினாலும் மணி, அப்போது வீட்டில் என்ன ஓடியது, மழை உண்டா இல்லையா, இந்த மூன்றையும் எழுத வேண்டும். மனைவி எழுதினாள், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் எழுதினாள், அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதியதும் உண்டு. கடைசியில் வீட்டைக் காப்பாற்றியது அந்த நோட்டில் இருந்த ஒரே ஒரு வரி.

இந்தச் சுவிட்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நிறைய பேர் இதை இன்னும் ஈ.எல்.சி.பி. என்றுதான் சொல்கிறார்கள். கடையிலும் அந்தப் பேரில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பழைய ஈ.எல்.சி.பி. எர்த் கம்பியில் ஏறும் வோல்டேஜைப் பார்த்து விழும். இப்போது வருகிற ஆர்.சி.சி.பி. வேறு மாதிரி வேலை செய்கிறது. வீட்டுக்குள் போகும் ஃபேஸ் வயரும் வெளியே திரும்பும் நியூட்ரல் வயரும் அதற்குள் ஒரு சின்ன வளையத்தின் வழியாகப் போகின்றன. 5 ஆம்பியர் உள்ளே போனால் 5 ஆம்பியர் திரும்பி வர வேண்டும். 4.97 தான் திரும்பியது என்றால் மிச்சம் 30 மில்லி ஆம்பியர் வேறு எங்கோ ஒழுகுகிறது. சுவர் ஈரத்தில் ஒழுகலாம், கீசரின் உடம்பு வழியாக ஒழுகலாம், ஒரு மனுஷனின் கை வழியாகவும் ஒழுகலாம். எதில் என்று அதற்குத் தெரியாது. கணக்கு இடித்தால் உடனே வெட்டிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. வாசலில் நின்று உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணுகிற காவல்காரர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காவல்காரர் பின்னால் இன்னும் இரண்டு தடவை வருவார்.

வீடுகளுக்குப் போடுவதில் 30 எம்.ஏ. என்று எழுதியிருக்கும். 30 வந்தால் கட்டாயம் விழ வேண்டும், 15க்குக் கீழே விழக்கூடாது. நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். நேரம், 30 மில்லி ஆம்பியர் ஒழுகும்போது அதிகபட்சம் 0.3 நொடி, ஒழுக்கு அதைப்போல ஐந்து மடங்கு என்றால் 0.04 நொடி. இது எவ்வளவு சின்ன அளவு என்பதற்கு ஒரு கணக்கு: பழைய 60 வாட் குண்டு பல்பு 260 மில்லி ஆம்பியர் இழுக்கும். மனுஷ உடம்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கே ஆபத்துதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், எவ்வளவு கரண்ட் பாய்ந்தால் பிடித்த கம்பியை விட முடியாமல் போகும் என்பதைத் தாமாக முன்வந்தவர்களை வைத்து அளந்து பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் விரல் தானாக இறுகிவிடும், மனசு நினைத்தாலும் கை விடாது. அமெரிக்க வீடுகளில் இந்த வேலையைச் செய்யும் கருவியை 1961இல் உருவாக்கியவரும் அவர்தான்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்கி, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, பிறகு எம்.சி.பி.யை ஒவ்வொன்றாக மேலே தள்ளினேன். எதைத் தள்ளும்போது விழுகிறதோ அந்த லைனில் கோளாறு என்று சொல்வார்கள். ஒரு நாள் பாத்ரூம் லைனைத் தள்ளி, கீசர் ஓட ஆரம்பித்ததும் விழுந்தது. ஆஹா, கீசர்தான் என்று முடிவு கட்டினேன். காரணமும் பொருந்தியது. கீசருக்குள் இருக்கும் எலிமென்ட் என்பது ஒரு குழாய். குழாய்க்குள் சூடாகும் கம்பி, கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் மக்னீசியம் ஆக்சைடு பொடி. பொடி காய்ந்திருக்கும் வரை கரண்ட் தாண்டாது. நுனியில் இருக்கும் அடைப்பு விட்டுப்போனால் ஈரம் உள்ளே ஏறி ஒழுக ஆரம்பிக்கும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு வேறு. பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நான்கு நாள் அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளித்தோம்.

நான்காவது நாள் மனைவி துணி தேய்க்கும்போது விழுந்தது. அயர்ன் பாக்ஸைத் தூக்கி ஓரமாக வைத்தோம். ஆறாவது நாள் ஏ.சி. போட்டதும் விழுந்தது. எட்டாவது நாள் வாட்டர் மோட்டார். ஒன்றைக் குற்றவாளி என்று ஒதுக்கியதும் அடுத்தது மாட்டிக்கொண்டது. அதைவிடக் குழப்பம், நல்ல வெயில் அடித்த இரண்டு நாள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மழை வந்ததும் மறுபடி தொடங்கியது.

பக்கத்தில் தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். பாக்ஸைத் திறந்து பார்த்து, "சார், இது போட்டு பதினஞ்சு வருஷம் ஆச்சுல்ல, வீக் ஆயிருச்சு" என்றார். புது ஆர்.சி.சி.பி. வாங்கி மாட்டினார். அன்று ராத்திரியே புதுசும் விழுந்தது. மறுநாள் வந்தவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "மழைக்காலத்துல இது இப்படித்தான் சார் படுத்தும். எடுத்துட்டு நேரா கொடுத்துடறேன். எம்.சி.பி. எல்லாம் இருக்கு, ஒண்ணும் ஆகாது. எத்தனையோ வீட்ல அப்படித்தான் ஓடுது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிறைய வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது என்பதும் உண்மை.

உள்ளதைச் சொல்கிறேன், நான் சரி என்று சொல்ல இருந்தேன். அன்று காலை ஃப்ரிட்ஜில் வைத்த மாவு புளித்துப் பொங்கியிருந்தது. மகளுக்குப் பரீட்சை. பதினோரு நாளாகத் தூக்கித் தூக்கி எனக்கும் அலுத்துவிட்டது. அம்மாதான் சமையலறையிலிருந்து வந்தார். "எதை எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். சொன்னோம். "அதை எடுக்கக் கூடாது" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

என் பெரிய அத்தை ஒரு கார்த்திகை மாதத்தில், கொல்லையில் துணி உலர்த்தும்போது இறந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாட்டுக் கொட்டகைக்கு ஒரு பல்பு போட வேண்டும் என்று வீட்டிலிருந்து வயர் இழுத்து, அதைத் துணிக்கொடிக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கம்பியில் உரசி உரசி மேல்தோல் தேய்ந்துபோயிருந்தது. ஈரப் புடவையை விரித்த கை கம்பியிலேயே இருந்தது. வீட்டில் ஃப்யூஸ் இருந்தது, 5 ஆம்பியர். நனைந்த உடம்பு வழியாகப் போகும் கரண்ட் கால் ஆம்பியர்கூட வராது. ஃப்யூஸ் கம்பி சூடுகூட ஆகியிருக்காது. அத்தை விழுந்த பிறகும் கொட்டகையில் பல்பு எரிந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். எம்.சி.பி.யும் இந்த விஷயத்தில் ஃப்யூஸ் மாதிரிதான். அது வயரைக் காப்பாற்ற வந்தது. ஆளைக் காப்பாற்ற வந்தது அந்த அகலமான சுவிட்ச் ஒன்றுதான். 2009இல் இந்த வீட்டைக் கட்டும்போது, கையில் காசு இழுபறியாக இருந்த நேரத்திலும் அதைப் போடச் சொல்லி அம்மா பிடிவாதமாக நின்றார்.

அந்தத் தம்பிக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பினேன். விழுகிற சுவிட்சை வைத்துக்கொண்டே காரணத்தைத் தேடுவது என்று முடிவானது.

என் நண்பனின் பெரியப்பா மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்குகிற வயது. கூறைநாட்டுப் பக்கம் இருக்கிறார். போய் விஷயத்தைச் சொன்னேன். "என்னென்ன பண்ணினீங்க தம்பி?" என்று கேட்டார். கீசர், அயர்ன் பாக்ஸ், ஏ.சி. என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், நோட்டு எழுதியதையும் சொன்னேன். "அதைக் கொண்டாந்திருக்கலாமே" என்றார். மறுநாள் காலை அவரே டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். டேங்க் மேல் ஒரு ரெக்சின் பை.

பாக்ஸைத் திறக்கவில்லை. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் படித்தார், முதல் பக்கத்திலிருந்து. அம்மா கொண்டுவந்த காபி ஆறிக்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். மகள் எழுதியது: "சாயங்காலம் 6.10. தூறல். அப்பா எல்லா எம்.சி.பி.யும் கீழே போட்டு டெஸ்ட் பண்ணினார். எல்லாம் கீழே, அப்பவும் விழுந்தது."

எனக்கும் அது நினைவிருந்தது. அன்று எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் தூக்கி வைத்திருந்தேன். வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து டக்கென்று விழுந்தது. சுவிட்சே கெட்டுவிட்டது என்பதற்கு அதைத்தான் நான் சாட்சியாக நினைத்தேன்.

"பாப்பா, நீதான் எழுதினியா?" என்று மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். "இதை எழுதலன்னா இன்னும் ரெண்டு நாள் ஆயிருக்கும்" என்றார். என்னைப் பார்த்து, "எம்.சி.பி. எதை வெட்டும் தம்பி?" என்றார்.

"கரண்டை."

"எந்த வயரை?"

நான் பதில் சொல்லாமல் நின்றேன். "ஃபேஸை மட்டும்தான். நம்ம வீடுகள்ல போடறது எல்லாம் ஒத்தை போல். சிவப்பு வெட்டுப்படும், கறுப்பு அப்படியே நிக்கும். சுவத்துல இருக்கற சுவிட்சும் அப்படித்தான். நீங்க எல்லாத்தையும் கீழ போட்டப்ப சிவப்பு எல்லாம் செத்துப்போச்சு. அப்பவும் விழுதுன்னா மிச்சம் இருக்கறது எது?"

கறுப்பு. நியூட்ரல்.

பதினாறு நாளாக நான் தேடியது ஃபேஸ் எங்கே எர்த்தைத் தொடுகிறது என்று. நியூட்ரல் எர்த்தைத் தொட்டாலும் இந்தச் சுவிட்ச் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டெஸ்டர் வைத்தால் எரியாத வயர், அதில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் நம் நினைப்பு. பெரியவர் அதை விளக்கியதை என் சொல்லில் சொல்கிறேன். நியூட்ரல் என்பது டிரான்ஸ்ஃபார்மரில் பூமியோடு கட்டப்பட்ட வயர். அதனால் வீட்டிலிருந்து திரும்பும் கரண்டுக்குப் பூமியும் ஒரு வழிதான். வீட்டுக்குள் எங்காவது கறுப்பு வயர் எர்த்தைத் தொட்டுவிட்டால் திரும்பும் கரண்ட் இரண்டாகப் பிரியும். பெரும்பங்கு வயரில் வரும், ஒரு துளி எர்த் குழி வழியாக மண்ணில் இறங்கி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய்விடும். வாசல் வழியாக வந்த ஆள் கொல்லைப்புறமாக வெளியேறிவிட்டால் வாசல் காவல்காரரின் கணக்கு இடிக்கும் இல்லையா, அதுதான்.

இப்போது எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதில் ஆயிரத்தில் மூன்று பங்கு கொல்லைப்புறம் போனால் 26 மில்லி ஆம்பியர். சுவிட்ச் விழ அது போதும். கீசரில் ஒரு கோளாறும் வேண்டியதில்லை. அதிகம் இழுக்கிற எதைப் போட்டாலும் விழும்; பழி அந்த நேரம் ஓடிய பொருள் மேல் போகும். மின்விசிறியும் எல்.இ.டி. பல்பும் மட்டும் ஓடும்போது ஒன்றும் ஆகாது. எல்லா எம்.சி.பி.யும் கீழே இருந்தபோது விழுந்ததற்கும் விளக்கம் இருந்தது. மாடிக்குத் தனி மீட்டர் என்றாலும் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் ஒன்றுதான். மாடிக்காரர்கள் ஏதோ பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் இழுத்த கரண்ட் திரும்பும்போது பொது நியூட்ரலில் ஓரிரண்டு வோல்ட் ஏறி, அது எங்கள் வீட்டுக் கறுப்பு வழியாக எர்த்துக்கு இறங்கியிருக்கிறது.

அதன் பிறகு நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையை நீட்டவில்லை. பிளக்கைப் பிடுங்குவது, எம்.சி.பி.யை ஏற்றி இறக்குவது, நோட்டில் எழுதுவது, இதுவரை நம் எல்லை. பாக்ஸின் மூடியைக் கழற்றுவது உரிமம் உள்ள வயர்மேனின் வேலை. இதை யாராவது தாமே செய்து பார்க்க நினைத்தால் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆர்.சி.சி.பி.யை இறக்கினாலும் அதன் மேல் பக்கத்துக்கு வரும் வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

பெரியவர் பையிலிருந்து எடுத்த முதல் பொருள் டெஸ்ட் லேம்ப், ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, இரண்டு வயர். கரண்ட் இருக்கும்போதே அதை பிளக்கில் செருகி, எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மெயினை இறக்கினார். இறக்கியபின் மறுபடி அதே லேம்பை வைத்துப் பார்த்தார். "லேம்ப் எரியலன்னா கரண்ட் இல்லன்னு அர்த்தமா, பல்பு போச்சுன்னு அர்த்தமா? அதுக்குத்தான் முன்னாடியே ஒரு தரம் பாத்துக்கறது" என்றார். இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்டார். பேட்டரி போய்க் கழற்றி வைத்துவிட்டோம் என்றேன். இருந்திருந்தால் முதலில் அதை நிறுத்தியிருக்க வேண்டும். மெயினை இறக்கினாலும் அது பாதி வீட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் உள்ள அத்தனை பிளக்கையும் பிடுங்கச் சொன்னார். டி.வி., வைஃபை பெட்டி, ஃப்ரிட்ஜ், செல்போன் சார்ஜர் வரைக்கும். அவர் அடுத்து எடுத்தது மெக்கர். வயரின் தோல் கரண்டை ஒழுகவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. கைப்பிடி சுற்றுகிற பழைய கருவி, கறுப்பு பேக்கலைட் உடம்பு, மேலே முள். சுற்றினால் 500 வோல்ட் கொடுக்கும், நடுவில் எலக்ட்ரானிக் சாமான் மாட்டிக்கொண்டால் அது கெட்டுவிடும்.

பாக்ஸுக்குள் பித்தளைக் கட்டை ஒன்றில் கறுப்பு வயர்கள் வரிசையாகத் திருகியிருந்தன. நியூட்ரல் லிங்க். மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றையும் கழற்றி, காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்டரைக் கிழித்துச் சுற்றி, பால்பாயின்ட் பேனாவால் எண் போட்டார். ஒன்பதும் கையில் விரித்த விசிறி போல நின்றன. மெக்கரின் ஒரு கிளிப்பைப் பச்சை எர்த் கட்டையில் மாட்டினார். அடுத்த கிளிப்பை ஒன்றாம் நம்பரில் மாட்டிச் சுற்றினார். முள் கடைசி வரை ஏறி நின்றது. "நல்லாருக்கு" என்றார். இரண்டு, அதுவும் அப்படியே. மூன்று சமையலறை. நான்கு பாத்ரூம், முள் 20 மெகா ஓம் பக்கத்தில் நின்றது. "கீசர் லைனுக்கு ஒண்ணும் இல்ல தம்பி." வாசற்படியில் நின்ற மனைவி என்னைப் பார்த்தாள். ஐந்து, ஆறு நல்லவை. ஏழு. கிளிப்பை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றியதும் முள் சைபரில் படுத்துவிட்டது. சுற்றச் சுற்ற அங்கேயே கிடந்தது. அவர் நிறுத்தி, கிளிப்பை எடுத்து, மறுபடி மாட்டிச் சுற்றினார். அதேதான். எட்டையும் ஒன்பதையும் விடாமல் பார்த்துவிட்டுத்தான் ஏழுக்குத் திரும்பினார்.

"இது எங்க போகுது?"

ஒன்பதில் எட்டுக்கு அறையைக் காட்டியாகிவிட்டது. மிச்சம் இருந்தது வெளி லைட். போர்ட்டிகோவுக்கும் கேட் தூண்களுக்கும் போகிற லைன்.

"அது ஆஃப்லதான் இருக்கு ஐயா" என்றேன். "கேட் லைட் ஃப்யூஸ் போனதுலேர்ந்து அந்த எம்.சி.பி.யை நாங்க தூக்கறதே இல்ல. மூணு வருஷமா கீழதான் கிடக்கு."

"ஃபேஸ்தான் ஆஃப்ல இருக்கு. நியூட்ரலை யாரு ஆஃப் பண்ணினா?"

மூன்று வருஷமாக நாங்கள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத லைன். தேடிய 16 நாளில் அந்த எம்.சி.பி.யின் பக்கம் என் விரல் போனதே இல்லை. ஆஃபில் இருப்பதில் என்ன கோளாறு வரும் என்று நினைத்தேன்.

போர்ட்டிகோவில் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, கேட்டுக்குப் போகும் கிளையைப் பிரித்தார். போர்ட்டிகோ பக்கம் சுத்தம். கேட் பக்கம் சைபர். இரண்டு தூணில் இடது தூண் விளக்கைக் கழற்றினோம், ஒன்றுமில்லை. வலது தூண் விளக்கின் மூடியைத் திருப்பியதும் அரை டம்ளர் அளவுக்குத் தண்ணீர் அவர் கையில் கொட்டியது. எறும்புக் கூடு, மண், உதிர்ந்த ரப்பர் வாஷர். எல்லாவற்றையும் ஊதித் துடைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே காட்டினார். விளக்கின் இரும்புத் தட்டைத் தூணோடு பிடிக்கிற திருகாணி ஒன்று கறுப்பு வயரின் மேலேயே ஏறி இறுகியிருந்தது. மாட்டியவர் அவசரத்தில் வயரை ஒதுக்காமல் முடுக்கியிருக்கிறார். வருஷக்கணக்கில் திருகாணி தோலை அறுத்துச் செம்பைத் தொட்டிருக்கிறது. செம்பில் களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தது, திருகாணியில் துரு. காய்ந்திருக்கும்போது களிம்பும் துருவும் நடுவில் நின்று தடுத்திருக்கும். தண்ணீர் தேங்கியதும் இரண்டும் ஒன்றாகிவிடும். அதே இரும்புத் தட்டில்தான் பச்சை எர்த் வயரும் கட்டியிருந்தது. எர்த் கொடுத்தவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். நியூட்ரல் தொட்டால் ஷாக் அடிக்காதே, இது சும்மா தொல்லைதானே, ஆபத்து இல்லையே?

அவர் கேட்டைப் பார்த்தார். "கம்பத்துலேர்ந்து வர்ற நியூட்ரல் ஒரு நாள் காத்துல அறுந்துபோச்சுன்னு வைங்க. வீட்ல ஃபேன் சுவிட்ச் ஆன்ல இருக்கு. ஃபேஸ் ஃபேன் வழியா கறுப்புக்கு வந்து நிக்கும். திரும்பிப் போக வயர் இல்ல. அப்ப இந்தக் கறுப்பும் ஃபேஸ்தான். அது இந்தத் தட்டுல ஏறி, எர்த் வயர் வழியா வீட்ல இருக்கற கீசர், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லா உடம்புலயும் ஏறும். எர்த் குழி நல்லா இருந்தா இழுத்துக்கும். வறண்டு கிடந்தா?"

தட்டைத் தாங்குகிற இரும்புக் கம்பி அப்படியே கேட் கீலுக்குப் போகிறது. மகள் தினமும் காலையில் பள்ளி வேனுக்கு அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள், மழைநாளில் செருப்பெல்லாம் நனைந்து. நியூட்ரல் அறுந்தாலும் வாசலில் கணக்குப் பார்க்கிற சுவிட்ச் இருந்தால் அது வெட்டிவிடும். அந்தத் தம்பி சொன்னபடி அதை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்திருந்தால், விழுவது நின்றிருக்கும். நாங்களும் நிம்மதியாக இருந்திருப்போம். கேட் மட்டும் அப்படியே இருந்திருக்கும். புயலுக்கு நியூட்ரல் அறுவதெல்லாம் எங்கள் ஊர்ப் பக்கம் அதிசயம் இல்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வேலை ஒரு நாளில் முடிந்தது. போர்ட்டிகோவிலிருந்து கேட் வரை புது வயர், நடுவில் இணைப்பு எதுவும் இல்லாமல். மழைக்குத் தாங்குகிற புது விளக்குகள், கீழே தண்ணீர் வடிய ஒரு துளை. வெளி லைனுக்கு மட்டும் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுகிற டபுள் போல் ஆர்.சி.பி.ஓ. போட்டார். அதாவது எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே டப்பாவில் இருப்பது. அதனால் இனி வெளியே கோளாறு என்றால் அதை மட்டும் இறக்கி வைக்கலாம், இறக்கினால் கறுப்பும் வெட்டுப்படும். செலவைக் கணக்குப் பார்த்தால், நான் அவசரப்பட்டு மாற்றிய புது ஆர்.சி.சி.பி.யைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எர்த் குழியின் மூடியைத் திறந்து பார்த்து, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டும்போது கூப்பிடச் சொன்னார். பேட்டரியில் ஓடும்போது அந்தக் கரண்ட் மெயின் ஆர்.சி.சி.பி. வழியாக வராது, அதனால் அது எதையும் எண்ணாது. இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரலைத் தனியாகப் பிரித்து வேறு ஒன்று போட வேண்டும், அது தனி வேலை என்றார். இது எனக்குப் புது விஷயம். இன்வெர்ட்டர் இருக்கிற எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்துப் பார்த்தேன்.

கழற்றிப் போட்ட பழைய ஆர்.சி.சி.பி. அலமாரியில் கிடந்தது. அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு லைனில் மாட்டி, முகப்பில் டி என்று எழுதியிருக்கும் பட்டனை அழுத்தினார். டக்கென்று விழுந்தது. அந்த பட்டன் உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்டை வளையத்தைச் சுற்றிக் கொண்டுபோய், வேண்டுமென்றே கணக்கை இடிக்க வைக்கும். பிறகு ஒழுக்கை அளவோடு ஏற்றிப் பார்க்கிற டெஸ்டரை வைத்தும் பார்த்தார். 22 மில்லி ஆம்பியரில் விழுந்தது. "இது நல்லா இருக்கு தம்பி. இத்தனை நாளும் உள்ளதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு" என்றார்.

மாடி வீட்டு பாக்ஸில் ஆர்.சி.சி.பி. கிடையாது. 2016இல் மாடி எடுத்தபோது சிக்கனம் என்று விட்டது என் தவறு. அந்தப் பழையதை அன்று சாயங்காலமே மாடியில் மாட்டினோம். மாடிக்காரரின் மனைவி, "இது அடிக்கடி விழுமா அண்ணா?" என்று கேட்டார். விழுந்தால் தூக்குவதற்கு முன்னால் எழுதி வையுங்கள் என்று சொல்லி, இன்னொரு ரஃப் நோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் நோட்டில் கடைசி வரி மகளின் கையெழுத்தில் இருக்கிறது. "காலை 7.15. பெருமழை. கீசர், அயர்ன், மோட்டார், ஏ.சி. எல்லாம் ஆன். விழவில்லை." அதற்குப் பிறகு மாதம் ஒரு வரி மட்டும், தேதியும் "டெஸ்ட் பட்டன், விழுந்தது" என்ற மூன்று சொல்லும்.